கூத்தாடிக்கு வழி, பாதிரியாருக்கு அபராதம்

1885 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. வெளிநாட்டில் ஆள் பிடித்து, கையில் கப்பல் டிக்கெட்டைத் திணித்து, "வந்து என்னிடம் வேலை செய்" என்று முன்கூட்டியே ஒப்பந்தம் பேசி யாரையும் கொண்டுவந்து இறக்கக் கூடாது. இறக்கினால் தலைக்கு 1,000 டாலர் அபராதம். அன்றைக்குச் சாதாரணத் தொழிலாளி இரண்டு வருடம் உழைத்தால்தான் கண்ணில் படும் தொகை அது. சட்டத்தைக் கொண்டுவந்தவர் ஒஹாயோவைச் சேர்ந்த மார்ட்டின் ஃபோரன். அரசியலுக்கு வருவதற்கு முன் பீப்பாய் செய்தவர், பீப்பாய்த் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்தவர். உள்ளூர்த் தொழிலாளி கூலி உயர்வு கேட்டு உட்கார்ந்தால், முதலாளிகள் ஹங்கேரியிலும் இத்தாலியிலும் போய் ஆள் அள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்த காலம். ஃபோரனின் கோபத்தில் நியாயம் இருந்தது.

சட்டம் என்று ஒன்று இருந்தால் விலக்கு என்று ஒன்று வேண்டும். எந்த வெளிநாட்டுக்காரர் இல்லாவிட்டால் நம் பிழைப்பு நாறிவிடும் என்று உறுப்பினர்கள் யோசித்திருக்க வேண்டும். விலக்குப் பட்டியலில் எழுதினார்கள்: தொழில்முறை நடிகர்கள், கலைஞர்கள், சொற்பொழிவாளர்கள், பாடகர்கள். கூடவே, வீட்டு வேலைக்காரர்கள். ஒரு கனவானின் மாலைப் பொழுது அப்படியே சட்டமாகிவிட்டது. ஓபராவில் பாட இத்தாலியிலிருந்து ஒரு பெண்மணி வேண்டும். ஓபராவுக்குப் புறப்படும்போது கோட்டை மாட்டிவிட இங்கிலாந்திலிருந்து ஓர் ஆள் வேண்டும். சுரங்கத்தில் கரி வெட்டுகிறவன் மட்டும் உள்ளூர்க்காரனாக இருந்தால் போதும்.

ஒருவரை மறந்துவிட்டார்கள். கடவுளின் ஊழியரை.

1887இல் நியூயார்க்கின் ஹோலி டிரினிட்டி தேவாலயம் இங்கிலாந்திலிருந்து வால்போல் வாரன் என்ற பாதிரியாரைச் சம்பளம் பேசி வரவழைத்தது. வந்து இறங்கினார், பிரசங்கமும் ஆரம்பித்தார். அரசாங்கம் தேவாலயத்தின் மேல் வழக்குப் போட்டது. வெளிநாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் ஆள் இறக்கினாயா, இறக்கினாய். அவர் நடிகரா? இல்லை. பாடகரா? ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் கூட்டத்தோடு. எடு ஆயிரம் டாலர். கீழ்க் கோர்ட்டும் அரசாங்கம் சொன்னதே சரி என்றது. நாடகக் கொட்டகைக்குக் கதவு திறந்து வைத்த அதே தேசம், ஆலயத்தின் வாசலில் ரசீதுப் புத்தகத்தோடு நின்றது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. தீர்ப்பு வந்த தேதி 1892 பிப்ரவரி 29. நான்கு வருடத்துக்கு ஒருமுறை வரும் நாளில்தான் இப்படி ஒரு தீர்ப்பை எழுத முடியும் என்று தோன்றுகிறது. நீதிபதி ப்ரூவர், பாதிரியார் சட்டத்தின் எழுத்துக்குள் அகப்படுகிறார், ஆனால் அதன் நோக்கத்துக்குள் அகப்படவில்லை என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். இது கிறித்தவ நாடு என்று நிறுவுவதற்காகக் கொலம்பஸ் காலத்திலிருந்து ஆவணங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். கொலம்பஸே ஸ்பெயின் ராஜா ராணியிடம் முன்பணமும் ஒப்பந்தமும் வாங்கிக்கொண்டு வந்து இறங்கிய வெளிநாட்டுக்காரர்தான் என்பதை யாரும் நீதிபதியிடம் எடுத்துச் சொல்லவில்லை போலும். இதற்குள் நாடாளுமன்றம் முந்திக்கொண்டு 1891இல் சட்டத்தைத் திருத்தி, பாதிரியார்களையும் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டது. நடிகர்களுக்கு ஆறு வருடம் கழித்து.

பாடகருக்கு வழி உண்டு, சரி. வாசிக்கிறவருக்கு? அவர் 'கலைஞர்' பட்டியலில் வருவாரா, கூலியா? இங்கே ஒரு கூத்து. உள்ளூர் வாத்தியக்காரர்களின் சங்கம், வாத்தியம் வாசிப்பது எல்லோரும் செய்கிற வேலை போல ஒரு வேலைதான், ஆகவே வெளிநாட்டு வாசிப்பாளர் ஒப்பந்தக் கூலியே என்று வாதாடியது. தங்கள் வயிற்றைக் காப்பாற்றிக்கொள்ளத் தாங்கள் கலைஞர்கள் இல்லை என்று ஊரறியச் சொல்ல வேண்டிய நிலைமை. சங்கத்துக்கு உள்ளே நடக்கும் விருந்தில் என்ன பேசிக்கொண்டார்களோ தெரியாது. வெளியே இதுதான் பேச்சு.

1893 டிசம்பரில் நியூயார்க்கில் இது மேடையிலேயே வெடித்தது. சிம்பனி இசைக்குழுவின் நடத்துநர் வால்டர் டாம்ராஷ், டென்மார்க்கிலிருந்து அன்டன் ஹெக்னர் என்ற செல்லோ வித்வானைக் கொண்டுவந்து சேர்த்திருந்தார். ஆறு மாதம் ஊரில் குடியிருந்தால்தான் சங்கத்தில் உறுப்பினராக முடியும், உறுப்பினராக இல்லாதவரோடு நாங்கள் வாசிக்க மாட்டோம் என்றது சங்கம். டாம்ராஷ் கேட்கவில்லை. கச்சேரி நடுவில் ஹெக்னர் வாசிக்க உட்கார்ந்தார். மற்றவர்கள் வாத்தியங்களைக் கீழே வைத்துவிட்டார்கள். நடத்துநர் கையில் கோல் இருக்கிறது, ஆட்ட ஆள் இல்லை. கடைசியில் ரசிகர்களைப் பார்த்துத் திரும்பி, போய் வாருங்கள் என்று அனுப்பிவைத்தார். இதில் ரசிக்க வேண்டிய இடம், அந்த டாம்ராஷ் ஜெர்மனியில் பிறந்து சிறுவனாகக் கப்பலேறி வந்தவர். குழுவிலும் ஜெர்மன்காரர்கள் ஏராளம். முந்தின கப்பலில் வந்தவர்கள் அடுத்த கப்பலில் வந்தவரை 'அந்நியன்' என்றார்கள். ரயில் பெட்டிக் கதவை உள்ளிருந்து பிடித்துக்கொண்டு 'இடமில்லை' என்பவர் முந்தின ஸ்டேஷனில் ஏறியவராகத்தானே இருப்பார்.

அமெரிக்கக்காரர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. அட்லாண்டிக்கின் மறுகரையிலும் அதே கதைதான், கொஞ்சம் பிரிட்டிஷ் மரியாதையோடு. எங்கள் குழுக்களை அமெரிக்கச் சங்கம் உள்ளே விடுவதில்லை, அவர்கள் குழுவை மட்டும் நாம் ஏன் விட வேண்டும் என்று பிரிட்டிஷ் இசைக்கலைஞர் சங்கம் கேட்டது. தொழிலாளர் அமைச்சகம் தலையாட்டியது. 1930களின் நடுவிலிருந்து 1950களின் நடுவரை ஏறத்தாழ 20 வருடம், அமெரிக்க ஜாஸ் குழுக்களுக்கு பிரிட்டனில் வாசிக்க அனுமதிச் சீட்டு கிடையாது. அமெரிக்கப் பக்கம் சங்கத்தின் தலைவராக நெடுங்காலம் இருந்தவர் பெட்ரில்லோ. முழுப் பெயர் ஜேம்ஸ் சீசர் பெட்ரில்லோ. அந்தச் சீசர் பட்டம் இல்லை, வீட்டில் வைத்த பெயர். 1942இல் நாடு முழுக்க இசைத்தட்டுப் பதிவையே நிறுத்திக் காட்டியவர். அவர் முன்னால் லண்டன்காரர்களின் பருப்பு வேகவில்லை.

ஆனால் தடைக்கு ஒரு சந்து இருந்தது. தடை 'இசைக்கலைஞர்'களுக்குத்தான், பல்சுவை நிகழ்ச்சிக்காரர்களுக்கு இல்லை. பாடலாம், ஆடலாம், வித்தை காட்டலாம். 1933இல் முழுக் குழுவோடு வந்து லண்டனைக் கலக்கிய டியூக் எலிங்டன், 1948இல் குழுவை ஊரிலேயே விட்டுவிட்டு இரண்டே பேரோடு வந்து இறங்கினார். ஒருவர் பாடகி கே டேவிஸ். இன்னொருவர் ரே நான்ஸ். நான்ஸ் ட்ரம்பெட் வாசிப்பார், வயலின் வாசிப்பார், போதாததற்குப் பாடுவார், ஆடுவார். இந்தக் கடைசி இரண்டும்தான் அவருக்குச் சீட்டு வாங்கிக் கொடுத்தன. பக்கவாத்தியத்துக்கு பிரிட்டனிலிருந்தே மூவரைச் சேர்த்துக்கொண்டார்கள். ஜாஸ் உலகின் மகாராஜா, அரசாங்கத் தாளில் பல்சுவைக் கலைஞர். எலிங்டன் இதற்கெல்லாம் முகம் சுளிக்கிறவர் இல்லை. அந்தக் காலத்து அமெரிக்காவில் கறுப்பராகப் பிறந்து ஊர் ஊராகக் குழு நடத்தியவருக்கு, தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் வாசிப்பது என்ன என்பதும் வேறு வேறு என்று எப்போதோ தெரியும்.

அடுத்த வருடம் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1949 நவம்பர், லண்டன் விண்டர் கார்டன் அரங்கு. ஹம்ப்ரி லிட்டில்டன் குழுவின் கச்சேரி. பார்வையாளர் மாடத்தில் ஒருவர் அமைதியாக உட்கார்ந்திருக்கிறார். நியூ ஆர்லியன்ஸின் சிட்னி பெஷே. அனுமதி கேட்டு விண்ணப்பித்து, இல்லை என்று பதில் வந்த பிறகு, சும்மா கச்சேரி கேட்க வந்தவர். மேடையிலிருந்து அறிவிப்பு வருகிறது: அடடா, நம் நடுவே யார் இருக்கிறார் பாருங்கள்! பெஷே கூச்சப்பட்டு எழுகிறார். ரசிகர்கள் கூரை பிய்த்துக்கொண்டு போகக் கத்துகிறார்கள். அன்புத் தொல்லை தாங்காமல் மேடையேறுகிறார். கையில் சோப்ரானோ சாக்ஸஃபோன். கச்சேரி கேட்க வந்தவர் வாத்தியத்தோடு ஏன் வந்தார் என்று அங்கே இருந்த யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. தொழிலாளர் அமைச்சகத்துக்கு மட்டும் தோன்றியது. ஏற்பாடு செய்தவர்கள் கோர்ட்டுக்குப் போய் அபராதம் கட்டினார்கள். பெஷேவுக்கு இதெல்லாம் புதிதும் இல்லை. 1922இல் ஒரு வழக்கில் தண்டனை பெற்று இதே லண்டனிலிருந்து நாடு கடத்தப்பட்டவர். அவர் வாழ்நாளெல்லாம் வாசித்த அந்த சோப்ரானோ வகையை முதலில் கையில் எடுத்ததும் லண்டன் கடை ஒன்றில்தான். ஊருக்கும் அவருக்கும் அப்படி ஒரு உறவு.

கடைசியில் 1956இல் இரண்டு சங்கங்களும் பண்டமாற்றுக்கு ஒப்புக்கொண்டன. ஸ்டான் கென்டன் குழு பிரிட்டனுக்கு. அதற்கு ஈடாக டெட் ஹீத் குழு அமெரிக்காவுக்கு. தலைக்குத் தலை எண்ணிச் சரிபார்த்து அனுப்பினார்கள். ஹீத் குழு எல்லாத் தாளும் சுத்தமாக வைத்துக்கொண்டு நாட் கிங் கோலுடன் சுற்றுப்பயணம் போயிற்று. அந்த ஏப்ரலில், அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில், ஹீத் குழுவினர் மேடையில் இருக்கும்போதே வெள்ளையர்கள் சிலர் ஏறிப் பாடகரை அடித்து வீழ்த்தினார்கள். அடி வாங்கிய கோல் விசாவே தேவைப்படாத ஆள். அதே அலபாமாவில் பிறந்தவர்.

1960களில் பிரிட்டிஷ் பையன்கள் கித்தாரோடு கூட்டம் கூட்டமாக அமெரிக்காவில் இறங்கினார்கள். தி கிங்க்ஸ் குழுவுக்கு மட்டும் 1965 சுற்றுப்பயணத்துக்குப் பிறகு அமெரிக்கச் சங்கம் அனுமதிச் சீட்டு தர மறுத்துவிட்டது. நான்கு வருடம். என்ன குற்றம் என்று குழுவுக்குத் தெளிவாக யாரும் சொல்லவில்லை. தொலைக்காட்சி நிலையத்தில் ஒரு கைகலப்பு, அடங்காத வாய், பணத் தகராறு என்று பல கதைகள். மற்றவர்கள் அமெரிக்காவில் சம்பாதித்துக்கொண்டிருக்க, கிங்க்ஸின் ரே டேவிஸ் இங்கிலாந்தில் உட்கார்ந்து கிராமத்துப் புல்வெளி, பழைய ரயில், தேநீர் என்று பாட்டு எழுதினார். 1968இல் வந்த அந்த இசைத்தட்டு அப்போது விற்கவில்லை. இன்று விமர்சகர்கள் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். சங்கம் இதற்கு உரிமைத்தொகை கேட்காதது அதன் பெருந்தன்மை.

சரி, 1990. கூலியா கலைஞனா என்ற பழைய சண்டைக்கு அமெரிக்கச் சட்டம் ஒரு தீர்வு கண்டுபிடித்தது: எழுத்துகள். அசாதாரணத் திறமை உள்ள தனி ஆளுக்கு 'ஓ'. விளையாட்டு வீரருக்கும் கலைக்குழுவுக்கும் 'பி'. பி-1 என்றால் உலக அளவில் பெயர் பெற்றிருக்க வேண்டும். பந்து உதைக்கிற தனி வீரருக்கு ஒரேயடியாக ஐந்து வருடம் வரை கொடுப்பார்கள், நீட்டித்தால் பத்து. பாடுகிற குழுவுக்கு ஒரு வருடம். குழு என்றால் அதில் முக்கால்வாசிப் பேராவது ஒரு வருடம் சேர்ந்து இருந்திருக்க வேண்டும். தனிப் பாடகர் பி-1இல் வர முடியாது; குழுவோடு வந்தால் முடியும். அதாவது, அமெரிக்கக் குடியேற்றத் துறையின் பார்வையில், குழுவில் சண்டை போட்டுப் பிரிவது என்பது மனக்கசப்பு மட்டும் அல்ல, படிவமே மாறும் விஷயம்.

சர்க்கஸுக்கு மட்டும் விலக்கு. உலகப் புகழ் வேண்டாம், தேசிய அளவில் பெயர் பெற்ற சர்க்கஸில் சேர வந்தால் போதும். ஒரு வருட உறவும் வேண்டாம். நேற்று வந்தவர் கைபிடிப்பார் என்று நம்பி ஊஞ்சலிலிருந்து குதிக்கிறவர்களுக்கு, ஒன்றாக இருந்த அனுபவம் தேவையில்லை. பாட்டுக்குழுவுக்குத் தேவை. யார் யோசித்து எழுதினார்களோ.

இந்த முக்கால்வாசிக் கணக்கை நம் கர்நாடகக் கச்சேரியில் வைத்துப் பாருங்கள். பாடகர் ஒரு தெரு, வயலின் ஒரு தெரு, மிருதங்கம் வேறு ஊர். சபா செகரட்டரி போன் போட்டு யார் தேதி காலியோ அவரைச் சேர்க்கிறார். மேடையில் உட்கார்ந்து சுருதி சேர்க்கும்போதுதான் 'இன்னிக்கு என்ன வர்ணம்?' என்று கேட்டுக்கொள்கிறார்கள். ஒரு வருடமாகச் சேர்ந்திருந்தீர்களா என்று கேட்டால், நேற்று மயிலாப்பூர் கேன்டீனில் அடை அவியல் சேர்ந்து சாப்பிட்டோம் என்றுதான் சொல்ல முடியும். அதனால் கிளீவ்லாந்து தியாகராஜ ஆராதனைக்கும் மற்ற சுற்றுப்பயணங்களுக்கும் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் கைகொடுப்பது பி-3. பண்பாட்டு அளவில் தனித்துவமான கலை என்று நிரூபித்தால் போதும். இதற்கு உள்ளூர்த் தொழிற்சங்கத்தின் கருத்துக் கடிதமும் வேண்டும். வாத்தியக்காரர் என்றால் வழக்கமாக அந்தக் கடிதம் வருவது, 1896இல் பிறந்து கிங்க்ஸுக்குக் கதவடைத்த அதே அமெரிக்க இசைக்கலைஞர் சம்மேளனத்திடமிருந்து. தோடி ராகத்தால் அமெரிக்கத் தொழிலாளிக்குக் கேடு எதுவும் இல்லை என்று அவர்கள் சொல்லியாக வேண்டும்.

தனித்துவம் என்றால் எவ்வளவு தனித்துவம்? லாஸ் ஏஞ்சலிஸில் ஸ்கிர்பால் பண்பாட்டு மையம் என்று யூதப் பண்பாட்டுக்கான இடம் ஒன்று. அர்ஜென்டினாவிலிருந்து ஆர்கெஸ்டா கெஃப் என்ற குழுவைக் கூப்பிட்டது. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் கல்யாண இசையான க்ளெஸ்மரை லத்தீன் அமெரிக்கத் தாளத்தில் போட்டு வாசிப்பவர்கள். பி-3 விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இது கலப்பு, ஏதோ ஒரு நாட்டுக்கு மட்டும் உரியது அல்ல, எனவே தனித்துவம் இல்லை. தாத்தா கிழக்கு ஐரோப்பாவில் பிறந்து பேரன் புவனஸ் அய்ரிஸில் வளர்ந்தால் பாட்டு எப்படி இருக்கும் என்று அதிகாரி யோசித்த மாதிரி தெரியவில்லை. மறு ஆய்வில் 2012இல் தீர்ப்பு மாறியது: பாரம்பரியமானது மட்டும்தான் தனித்துவம் என்றில்லை, கலப்பிலும் தனித்துவம் இருக்கலாம். மற்ற வழக்குகளுக்கும் முன்மாதிரி என்று அறிவித்தார்கள். கச்சேரிக்குக் குறித்திருந்த நாள் போய் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கலப்பால் ஆன ஒரு நாட்டுக்கு இதைக் கண்டுபிடிக்க அவ்வளவு காலம்.

விளையாட்டுப் பக்கம் போனால் அங்கே கூலிக் கதை வேறு உருவத்தில். பெரிய லீக் பேஸ்பால் வீரருக்கு பி-1. அவருக்குக் கீழே சின்ன லீக்கில் ஆடும் பையனுக்கு முதலில் அந்தக் கொடுப்பினை இல்லை. எச்-2பி என்ற பருவகால வேலை விசா. வருடத்துக்கு மொத்தம் 66,000. அதே வரிசையில் புல் வெட்டுகிறவர்கள், ஓட்டல் அறை பெருக்குகிறவர்கள், மேரிலாந்தில் நண்டு உடைக்கிறவர்கள். 2004இல் அந்த எண்ணிக்கை தீர்ந்துபோயிற்று. டொமினிகன் குடியரசிலிருந்து மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் பந்து எறியும் பையன், நண்டுப் பருவம் முந்திக்கொண்டதால் வெளியே. 2006 டிசம்பரில் ஒரு சட்டம் போட்டு அவர்களையும் பி-1இல் சேர்த்தார்கள். அதே சட்டத்தில் பனிச்சறுக்கு நாட்டியக்காரர்களும் சேர்ந்து உள்ளே வந்துவிட்டார்கள். 2013இல் இன்னும் ஒரு பாய்ச்சல்: 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' ஆடும் கனடா வீரர் ஒருவருக்கு விளையாட்டு வீரர் விசா. எந்நேரமும் கம்ப்யூட்டரில் கேம் ஆடிக்கொண்டிருந்தால் சோறு போடுமா என்று திட்டிய பெற்றோர் அத்தனை பேருக்கும் அமெரிக்க அரசு முத்திரையோடு பதில் கொடுத்தது.

இத்தனை காலமும் கலைஞரும் வீரரும் 'நாங்கள் கூலி இல்லை' என்று நிரூபிக்கப் பாடுபட்டார்கள். இதைத் தலைகீழாகப் புரட்டிப் போட்ட பெருமை இலங்கைக்கு உரியது.

2004 செப்டம்பரில் இலங்கையின் தேசியக் கைப்பந்து அணி ஜெர்மனிக்குப் போனது. கையால் எறிந்து கோல் போடுகிற ஹேண்ட்பால். பவேரியாவில் விட்டிஸ்லிங்கன் என்ற சின்ன ஊர். 23 பேர். முறையான அழைப்பு, முறையான விசா, முறையான சீருடை. ஜெர்மன்காரர்கள் கைகுலுக்கி வரவேற்று, தங்க இடம் கொடுத்து, உள்ளூர் அணிகளோடு மோத விட்டார்கள். விளையாடிய ஆட்டங்களில் எல்லாம் தோல்வி. சும்மா தோல்வி இல்லை, விதிகளை ஆட்டத்தின் நடுவிலேயே கற்றுக்கொள்கிறவர்களின் தோல்வி. ஆனால் தோற்பது குற்றமா? தேசிய அணி என்றால் நன்றாக ஆட வேண்டும் என்று எந்தத் தூதரகப் படிவத்திலும் எழுதவில்லை.

ஒரு நாள் காலையில் 23 பேரையும் காணோம். ஒரு கடிதம் இருந்தது. விருந்தோம்பலுக்கு நன்றி, நாங்கள் பிரான்ஸுக்குப் போகிறோம். நம் ஊர்ப் பக்கத்துப் பண்பாடு பாருங்கள். ஓடிப்போகும்போதும் சொல்லிக்கொண்டு போயிருக்கிறார்கள். போன திசையை மட்டும் மாற்றிச் சொல்லிவிட்டார்கள் போலும். அவர்கள் இத்தாலிக்குப் போயிருக்க வேண்டும் என்பது போலீஸின் கணக்கு. ஜெர்மன்காரர்கள் கொழும்பைக் கேட்டார்கள்: உங்கள் தேசிய அணியைக் காணவில்லையே? கொழும்பிலிருந்து பதில் வந்தது: எங்களுக்கு அப்படி ஓர் அணியே கிடையாதே.

ஃபோரன் சுவரெழுப்பியது இப்படிப்பட்டவர்களைத் தடுக்கத்தான்: கூலி வேலைக்கு வரும் ஏழைகளை. அவர் விட்டுவைத்த கதவு நடிகர்களுக்கு. 23 பேரும் அந்தக் கதவு வழியாகத்தான் வந்தார்கள் என்று வாதாட ஒரு நல்ல வக்கீலால் முடியும். ஒரு மாத விசாவில், தெரியாத ஆட்டத்தை, தெரிந்த மாதிரி, பார்வையாளர்கள் முன்னால் ஆடிக் காட்டுவது நடிப்பு இல்லாமல் வேறென்ன?

உபர்ட்டோ பசோலினி என்ற இத்தாலிக்காரர் இந்தக் கதையை 'மச்சான்' என்று படமாக எடுத்தார். 2008இல் முதலில் காட்டிய இடம் வெனிஸ் திரைப்பட விழா. இத்தாலிக்கு ஓடியதாகச் சொல்லப்பட்டவர்களின் கதையை இத்தாலியிலேயே திரையிட்டிருக்கிறார்கள். பின்வரிசையில் உட்கார்ந்து யாராவது தமக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்களா என்று டிக்கெட் கிழிக்கிறவர் பார்த்திருக்க மாட்டார்.